பேச்சியின் சமையல்மேல் விழுந்த பழி

எனக்கு ரத்தத்தில் வந்த நோய்க்குக் காரணம் என் மனைவி வைத்த குழம்புதான் என்று, அவள் ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே ஒருவர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்போது உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. அடுத்த ஊசிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். யாரையும் அழவைக்க அல்ல. எனக்கு ஆறாத கோபம் இருக்கிறது, அதில் ஒரு பங்கு என்மேலேயே இருக்கிறது, அதற்காக.

என் பெயர் சுடலைமுத்து. மும்பை தாராவியில் தோல் பை செய்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கீழே வெட்டும் மேசை. இரும்பு ஏணியில் ஏறினால் மாளா, அதாவது மேல்தளம். அங்கேதான் ஒட்டு வேலையும் தையலும். என்னையும் சேர்த்து நான்கு பேர். முதலாளி என்று பெயர்தான், இருபத்தாறு வருடமாக நானும் கையில் பிரஷ் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தவன்தான்.

போன வருடம் மழை தொடங்கிய சமயத்தில் அந்த ஏணி எனக்கு உயரமாகிவிட்டது. எட்டுப் படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றேன். பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வந்தது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே தொடையில் நீலத் திட்டுகள். தெரு டாக்டர் இரும்புச் சத்து டானிக் கொடுத்தார். மூன்று மாதம் குடித்தேன். கடைசியில் என் மகள் ரேவதிதான் சண்டை போட்டு ரத்தம் பரிசோதிக்கக் கூட்டிப்போனாள். அவள் பி.காம். கடைசி வருடம். ரிப்போர்ட்டைப் பார்த்த லேப்காரர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, ரத்தத்தை இன்னொரு முறை எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சி என் மனைவி. பொது இடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் என்ன என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். விடியற்காலையில் போனால் பதினொரு மணிக்குப் பெயரைக் கூப்பிடுவார்கள். எங்கெங்கிருந்தோ ரயில் ஏறி வந்தவர்கள் வெளி நடைபாதையில் சேலையை விரித்துப் படுத்திருப்பார்கள். ஒரு ஜன்னலில் கையெழுத்து வாங்கினால் அதை இன்னொரு ஜன்னலில் காட்ட வேண்டும். முதல் படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. ரேவதி அதில் ‘பிசினஸ்’ என்று எழுதினாள். அதற்குப் பிறகு எத்தனையோ டாக்டர்கள் அந்தப் படிவத்தைப் புரட்டினார்கள். என்ன பிசினஸ் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மஜ்ஜைப் பரிசோதனை செய்தார்கள். குப்புறப் படுக்க வைத்து, இடுப்பு எலும்பில் மரத்துப்போகிற ஊசி போட்டு, அதற்குப் பிறகு தடித்த ஊசி ஒன்றைத் திருகி உள்ளே இறக்கி மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். எலும்பு மரத்துப்போகாது, தோல்தான் மரத்துப்போகும். உறிஞ்சும்போது கால் கட்டைவிரல் வரைக்கும் யாரோ நரம்பைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. நான் கத்தவில்லை. வெளியே வந்து பேச்சியைப் பார்த்ததும் உதடு துடித்துவிட்டது.

பன்னிரண்டு நாள் கழித்துப் பெயர் சொன்னார்கள். மைலோடிஸ்பிளாசியா. சொன்னவர் டாக்டர் வைதேகி, மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். ஐம்பது வயதிருக்கும். எங்கள் தமிழும் அவர் தமிழும் வேறு என்றாலும், இந்தியில் கேட்டுத் தலையாட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

“மஜ்ஜைங்கறது ரத்தம் தயார் பண்ற இடம். உங்களுக்கு அங்கே தயாராற செல்லெல்லாம் அரைகுறையா வர்றது. வெளியில வர்றதுக்குள்ளயே பாதி செத்துப்போறது. இதை இப்படியே விட்டா பிளட் கேன்சரா மாறிடும். அதுக்கு முன்னாடி நிறுத்தணும்.”

“எப்படி டாக்டர் நிறுத்துவாங்க?” என்று ரேவதி கேட்டாள்.

டாக்டர் ஒரு தாளை எடுத்து நீளமாகக் கோடு போட்டார். இது டி.என்.ஏ., ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிற உத்தரவுப் புத்தகம் என்றார். எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதன்மேல் மெத்தில் என்ற மிகச் சின்ன ரசாயனத் துணுக்குகள் அங்கங்கே ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடத்தைச் செல் வாசிக்காது. இது எல்லா உடம்பிலும் நடப்பதுதான், வேண்டாத பக்கங்களை மூடிவைக்க உடம்பே செய்கிற ஏற்பாடு. இந்த மாதிரி நோயில், ‘நில்’ என்று எழுதிய வரிகள்மேலும் அது தப்பாக ஒட்டிக்கொள்கிறது. எழுத்து அழியவில்லை, மறைந்திருக்கிறது. அந்த ஒட்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றத்தான் ஊசி. மாதம் ஏழு நாள், வயிற்றுத் தோலுக்கு அடியில். செல்கள் பிரிந்து பிரிந்து புதிதாக வரும்போதுதான் பலன் தெரியும். நாலைந்து மாதமாவது பொறுக்க வேண்டும்.

ஒட்டுவதும் பிரிப்பதும் என் தொழில். அதனால் எனக்கு உடனே புரிந்தது. கழற்ற முடியும் என்று சொன்னதே அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் ஏழு ஊசியில் வயிறெல்லாம் சிவந்து, சட்டை உரசினாலே எரிந்தது. பேச்சி என் பழைய வேட்டியைக் கிழித்து மெத்தென்று மடித்து இடுப்பில் வைத்துக் கட்டிவிடுவாள். காலையில் மிளகு ரசமும் குழைந்த சோறும் டிபனில் கட்டிக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வருவாள். டே கேர் வார்டில் துணைக்கு வந்தவர்களுக்கு நாற்காலி கிடையாது. ஏழு நாளும் சுவரில் சாய்ந்து நின்றாள்.

இந்தச் சமயத்தில்தான் கணேசன் வந்தார். என் தங்கை சந்திராவின் கணவர். விக்ரோலியில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவர். ஃபேக்டரியை மூடிய பிறகு ஒரு ஆரோக்கியப் பொருள் கம்பெனியில் சேர்ந்து, தனக்குக் கீழே ஆள் சேர்த்துச் சேர்த்து மேலே போய்க்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. நான் படுத்த செய்தி கேட்டு அன்று இரவே ஓடிவந்தவர், முதல் தடவை ரத்தம் கொடுத்தவர். அதனால்தான் அவர் சொன்னதை என்னால் தட்ட முடியவில்லை.

பச்சை நிறக் குப்பி ஒன்றையும் ஒரு ஃபைலையும் மேசையில் வைத்தார். ஃபைலில் இங்கிலீஷ் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் முதல் பக்கங்கள், மஞ்சள் மையில் கோடு போட்டு.

“மச்சான், டாக்டரம்மா மெத்தில்னு சொன்னாங்கன்னு சொன்னீங்கள்ல? இதைப் பாருங்க. ஃபிளேவனாய்டு. செடி கொடியில இருக்க சத்து. டீ இலை, வெங்காயம், சோயா, ஆப்பிள், எல்லாத்துலயும் இருக்கு. அந்த மெத்தில இது கழட்டும்னு வெளிநாட்டுல கண்டுபிடிச்சிருக்கான். ஊசி செய்யுத அதே வேல. ஆனா ஊசி கெமிக்கல், இது நேச்சுரல்.”

“டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோமா மாப்ள?”

“கேட்டா என்ன சொல்லுவாங்க? வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. ஊசி விக்கணும்லா அவங்களுக்கு.”

அதற்குப் பிறகு பேச்சியைப் பார்த்தார். அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணன் சொல்லுதேன்னு தப்பா நினைக்காத பேச்சி. இந்த மெத்தில் தப்பா ஒட்டுததுக்குக் காரணமே சாப்பாடுதான்னு எங்க மீட்டிங்ல சொல்லுதாங்க. காய்கறிய நல்லா வதக்கிக் கொன்னுபோடுதோம். எண்ணெய், புளி, கருவாடு. இருவத்தஞ்சு வருசமா இதான உள்ள போயிருக்கு?”

பேச்சி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் பார்த்தேன், கருவாட்டுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். புளி டப்பா இல்லை. அரிவாள்மனையில் உட்கார்ந்து பச்சை வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை, வெறும் வயிற்றில். எடுத்துக்கொண்டேன். உயிர்ப்பயம் வந்தவன் ஒரு கதவோடு நிற்க மாட்டான். இரண்டாம் மாத ஊசி முடிந்து, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிய மறுநாள் ஹீமோகுளோபின் நன்றாக ஏறியிருந்தது. கணேசன் அந்த ரிப்போர்ட்டையும் பச்சைக் குப்பியையும் என் கையில் கொடுத்து ஒரு போட்டோ எடுத்தார். முகம் தெரியாத யாரோ இரண்டு பேர் கொடுத்த ரத்தம் அது. அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

மூன்றாம் மாத ஊசிக்குப் போவதற்கு நாலு நாள் முன்பு சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. சிறுநீர் கறுப்பு டீ மாதிரிப் போனது. ரேவதி என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

“பப்பா, ஆங்க் பீலி ஹை. கண்ணு மஞ்சளா இருக்கு. இப்பவே சலோ.”

கல்லீரல் கெட்டிருந்தது. ரத்தப் பரிசோதனையில் அதன் கணக்கு இருக்க வேண்டிய அளவைப் போல் பல மடங்கு எகிறியிருந்தது. வார்டில் படுக்க வைத்தார்கள். மூன்றாம் மாத ஊசி கிடையாது என்று டாக்டர் வைதேகி சொன்னார். கல்லீரல் கணக்கு இறங்காமல் போட்டால் ஆபத்து, போடாமல் விட்டால் மஜ்ஜை கீழே போகும்.

“ஊசி, நான் எழுதின மாத்திரை தவிர வேறென்ன எடுத்துக்கறேள்?”

நான் பேச்சியைப் பார்த்தேன். பேச்சி தரையைப் பார்த்தாள். ரேவதிதான் பையிலிருந்து பச்சைக் குப்பியை எடுத்து நீட்டினாள். டாக்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். பச்சைத் தேயிலைச் சாறு. ஒரு மாத்திரைக்குள் எத்தனையோ டம்ளர் டீயின் சாறு காய்ச்சி அடைக்கப்பட்டிருந்தது. அதை நான் வெறும் வயிற்றில் தினம் ஆறு விழுங்கியிருந்தேன்.

“டீ குடிக்கறது வேற. இப்படிச் செறிவாக்கிச் சாப்பிடறது வேற. இந்த அளவுல இது லிவரை அடிக்கும், சில பேருக்கு ரொம்ப மோசமா அடிக்கும். ஏன் சொல்லலை?”

“சொன்னா திட்டுவீங்கன்னு...” என்றேன். ஐம்பத்தொரு வயதில் அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

“நான் திட்டத்தான் செஞ்சிருப்பேன். லிவர் தப்பிச்சிருக்கும்.”

ரேவதி விடவில்லை. “டாக்டர், அப்ப அந்த ரிசர்ச் எல்லாம் ஜூட்டா?”

டாக்டர் அடுத்த நோயாளியிடம் போயிருக்கலாம். பின்னால் இரண்டு இளம் டாக்டர்கள் ஃபைலோடு காத்திருந்தார்கள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“பொய் இல்லம்மா. அதான் எனக்கு எரிச்சல். கண்ணாடித் தட்டுல கேன்சர் செல்லை வளர்த்து, அதுமேல இந்தச் சத்தை ஊத்தினா, மெத்தில் ஒட்டற வேலை குறையறது, மூடியிருந்த சில ஜீன் திறக்கறது. நிஜம். நல்லவா ராப்பகலா உழைச்சுக் கண்டுபிடிச்சது. ஆனா தட்டுல ஊத்தற அளவு, நீ வாயால சாப்பிட்டா ரத்தத்துல வர்றதில்ல. குடலும் லிவரும் அதை வேற ஒண்ணா மாத்திடும். சரி, அதிகமாச் சாப்பிடலாம்னா, லிவர் இப்படி ஆறது. மனுஷாளுக்குக் கொடுத்து, கேன்சர் குணமாச்சுன்னு நிரூபணம் இதுவரைக்கும் இல்ல. ஒருநாள் அதுலேர்ந்து மருந்து வரலாம். வந்தா நானே எழுதித் தருவேன். இன்னிக்கு இல்ல.”

அவர் எழுந்து போன பிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை. முழுப் பொய்யாக இருந்தால்கூட ஏமாந்தேன் என்று விட்டிருப்பேன். எவனோ ஒரு ஆராய்ச்சிக்காரன் நேர்மையாக, தட்டில் நடந்தது என்று எழுதி வைத்ததன் முதல் பக்கத்தை மட்டும் கிழித்து, மஞ்சள் கோடு போட்டு, சாகப் பயந்து கிடப்பவன் வீட்டுக்குள் கொண்டுவந்து விற்கிறார்கள். தட்டு என்ற வார்த்தையை மட்டும் மறைத்துவிட்டு.

அந்த வார்டில் பதினாறு நாள் கிடந்தேன். உடம்பெல்லாம் அரித்தது. மஜ்ஜை கீழே போய்க்கொண்டே இருந்தது. பிளேட்லெட் என்று ஒன்று, ரத்தத்தை உறைய வைப்பது, அது அடிமட்டத்துக்கு இறங்கியது. ஒருநாள் மத்தியானம் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகத் தொடங்கி நிற்கவே இல்லை. பேச்சி தன் முந்தானையால் பிடித்தாள். முந்தானை நனைந்து அவள் முழங்கை வழியாகச் சொட்டியது. பிளேட்லெட் உடனே வேண்டும், கொடுக்க ஆள் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

ரேவதி பட்டறைக்கு போன் போட்டாள். முக்கால் மணி நேரத்தில் இசக்கி வந்து நின்றான். பதினாலு வருடமாக மாளாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுகிறவன். முப்பத்தாறு வயது, மான்குர்தில் வீடு, மனைவியும் ஒரு கைக்குழந்தையும்.

“எவ்வளவு வேணும்னாலும் எடுக்கச் சொல்லுங்க அக்கா” என்று பேச்சியிடம் சொல்லிவிட்டு ரத்த வங்கிக்குப் போனான்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தான். முகம் செத்திருந்தது.

“வேண்டாம்ங்காங்க அண்ணாச்சி. எனக்கே கொறவா இருக்காம்.”

பிளேட்லெட் வேறு யாரிடமிருந்தோ கிடைத்தது. ரத்தம் நின்றது. ஆனால் சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் வைதேகி, இசக்கியின் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“இவர் உங்களுக்குச் சொந்தமா?”

“இல்ல டாக்டர். எங்க பட்டறையில வேல பாக்கான்.”

“என்ன பட்டறை?”

ஆஸ்பத்திரிக்கு வந்த நாலு மாதத்தில் அந்தக் கேள்வியை முதல் தடவையாக ஒருவர் கேட்டார். தோல் பை என்றேன். எப்படி ஒட்டுவீர்கள் என்றார். சொல்யூஷன் என்றேன். ரப்பர் பசை. டின்னில் வரும். கெட்டியானால் தின்னர் ஊற்றிக் கலக்குவோம். கை கழுவவும் அதே தின்னர்தான்.

“காத்தோட்டம் உண்டா?”

“ஒரு ஜன்னல் இருக்கு. தூசி விழும்னு மூடி வெச்சிருப்போம்.”

டாக்டர் இசக்கியின் தாளை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்த மாதிரிப் பசையிலும் தின்னரிலும் பென்சீன் என்ற ரசாயனம் கலந்திருக்கலாம். வருடக்கணக்காக அதை மூச்சில் இழுத்தால் மஜ்ஜையைக் கெடுக்கும், டி.என்.ஏ.யைச் சேதப்படுத்தும், மெத்தில் ஒட்டும் கணக்கையும் குழப்பும். என்னுடைய நோய் அதனால்தான் வந்தது என்று கோர்ட்டில் சொல்கிற மாதிரி அவரால் சொல்ல முடியாது. ஆனால் இந்த நோயோடு அதற்குத் தொடர்பு இருப்பது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். ஒரே மாளாவில் இரண்டு பேருக்கு ரத்தம் குறைந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

“முதல் நாளே கேட்டிருக்கணும். நாங்க கேக்கலை. தப்புதான்” என்றார்.

அப்போதுதான் பேச்சி வாயைத் திறந்தாள்.

“அப்போ என் சமையல் இல்லையா டாக்டரம்மா?”

டாக்டருக்குப் புரியவில்லை. “என்ன சமையல்?”

“புளி, கருவாடு. நான் வதக்கி வதக்கிப் போட்டதுலதான் இவுகளுக்கு இப்படி ஆச்சுன்னு...”

“யார் சொன்னா? உங்க சமையலால இந்த வியாதி வரலைம்மா. யாரு அப்படிச் சொன்னா உங்ககிட்ட?”

பேச்சி அழுதாள். வார்டில் பத்துப் பேர் பார்க்க, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு மாதத்துக்கு மேலாக அவள் ஒவ்வொரு வேளையும் அடுப்பைப் பற்றவைக்கும்போது என்னைக் கொன்றுகொண்டிருப்பதாக நினைத்திருக்கிறாள். நான் குமட்டினால் அவள்தான் காரணம், நான் மெலிந்தால் அவள்தான் காரணம். ஒரு ராத்திரிகூட அவள் இதை என்னிடம் சொல்லவில்லை. நான் ஒரு பகல்கூடக் கேட்கவில்லை.

கல்லீரல் கணக்கு மெல்ல இறங்கி, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். ரேவதி போனைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் கல்லூரி குரூப்பில் யாரோ அனுப்பிய படம். கையில் பச்சைக் குப்பியும் ரிப்போர்ட்டுமாக நான். கீழே இந்தியில், பிளட் கேன்சரை வென்ற தாராவி வியாபாரி என்று போட்டிருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம், அனைவரும் வருக.

“போகணும்” என்றாள் பேச்சி. மாஸ்க் போட்டுக்கொண்டு மூன்று பேரும் போனோம்.

கணேசன் வாசலில் கோட்டு போட்டு, சட்டையில் பேட்ஜ் குத்தி நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் வெலவெலத்துவிட்டார்.

“மச்சான், உடம்பு இருக்க இருப்புல ஏன் வந்தீங்க? போட்டோவ நீக்கச் சொல்லிட்டேன். சத்தியமா.”

நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்தோம். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்ட ஒருவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். என்ன டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. திரையில் டி.என்.ஏ. ஏணி மாதிரிச் சுற்றியது. அதன்மேல் சிவப்புப் புள்ளிகள், பச்சை இலை வந்து மோதியதும் பறந்து போயின. அடுத்த படத்தில் பெரிய எழுத்து. ‘கேன்சர் கீ ஜட் ஆப்கே கிச்சன் மே ஹை.’ கேன்சரின் வேர் உங்கள் அடுக்களையில் இருக்கிறது. கூட்டத்தில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்தார்கள். எல்லோருக்கும் வீட்டில் யாரோ ஒருவர் படுத்திருப்பார்கள் போல.

அதற்கடுத்த படம் நான்.

பேச்சி எழுந்துவிட்டாள். மார்க்கெட்டில் தக்காளிக்காரனிடம் இந்தியில் சண்டை போடுகிறவள்தான். ஆனால் அன்றைக்கு வாயில் வந்தது தமிழ்தான்.

“ஏய்யா, அந்தப் படத்துல இருக்கது என் வீட்டுக்காரரு. இன்னா உயிரோட உக்காந்திருக்காரு. உன் மாத்திரையால ஈரல் வெந்து பதினாறு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தாரு. மூக்குல ஒழுகுன ரத்தத்த நான் முந்தானையில பிடிச்சேன். என் அடுக்களையில வேர் இருக்குன்னியே, நீ வந்து பாத்தியா என் அடுக்களைய?”

மேடையில் இருந்தவர் புன்சிரிப்போடு, “மேடம், ஹிந்தி மே போலியே” என்று இந்தியில் பேசச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். இரண்டு பேர் அவளை உட்கார வைக்க வந்தார்கள். ரேவதி எழுந்தாள். அதற்குள் பக்கவாட்டிலிருந்து கணேசன் நடந்து வந்து, வரவேற்புரைக்காக வைத்திருந்த மைக்கைக் கையில் எடுத்தார்.

“நீ சொல்லு பேச்சி. நான் சொல்லுதேன் அவங்களுக்கு.”

அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் கணேசன் இந்தியில் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. ஈரலை விடவில்லை, முந்தானையை விடவில்லை. போட்டோவில் இருக்கிற ரிப்போர்ட் ரத்தம் ஏற்றிய மறுநாள் எடுத்தது என்று பேச்சி சொல்லாததையும் அவரே சேர்த்துச் சொன்னார். கடைசியில் பேச்சி, “இதை எங்களுக்குக் கொண்டாந்து தந்ததே எங்க அண்ணன்தான்” என்றாள். அவர் ஒரு நொடி நின்றார். “என் மச்சானுக்கு இதைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்” என்று இந்தியில் சொல்லிவிட்டு, பேட்ஜைக் கழற்றி மேடையில் வைத்தார். மைக்கை அணைத்துவிட்டார்கள். அதற்குள் பாதி மண்டபம் எழுந்திருந்தது. ஒரு மராத்திக்காரப் பெண் வந்து பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கம்பெனி இன்னும் நடக்கிறது. மண்டபம் மாறியிருக்கிறது, குப்பியின் நிறம் மாறியிருக்கிறது. நாங்கள் கொடுத்த புகாருக்கு ஒரு நம்பர் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். என் படம் மட்டும் இப்போது வருவதில்லை. கணேசன் இப்போது ஒரு கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிறார். வாரம் ஒரு தடவை வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

ஊசியை மறுபடி தொடங்கி ஐந்து மாதமாகிறது. ரத்தம் ஏற்றுவது நின்றுவிட்டது. மஜ்ஜையில் நல்ல செல் வரத் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். பூரண குணம் என்று அவர் சொல்லவில்லை, நானும் எழுத மாட்டேன். பேச்சி மறுபடி புளி வாங்கிவிட்டாள்.

ஆனால் கணேசன்மேல் கோபப்பட்டு முடித்த பிறகும் எனக்குக் கோபம் மிச்சமிருந்தது. இசக்கியை அதே ஆஸ்பத்திரியில் காட்டினேன். அவனுக்கும் இடுப்பில் ஊசி இறக்கினார்கள். இந்தத் தடவை நாற்காலி இல்லாத சுவரில் சாய்ந்து நின்றது நான். பன்னிரண்டு நாள் கழித்து டாக்டர் வைதேகி அவனைக் கூப்பிட்டு, மஜ்ஜை சோர்ந்திருக்கிறது, நோயாக மாறவில்லை, அந்த வாடையிலிருந்து விலகி இருந்தால் ஏற வாய்ப்பிருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்றார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் இசக்கி மனைவிக்கு போன் செய்தான். நான் இரண்டு அடி தள்ளி நின்றேன்.

“ஒண்ணும் இல்ல மாரி. பயப்படாத. சாப்பாடு சத்தா இல்லையாம், அதான் ரத்தம் கொறஞ்சிருக்காம். நல்லா ஆக்கிப் போடச் சொன்னாங்க.”

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான். எனக்கு அது விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் போனை அவன் கையிலிருந்து வாங்கிவிட்டேன்.

“மாரியம்மா, நான் சுடலைமுத்து பேசுதேன். அவன் சொன்னது பொய். உன் சாப்பாட்டுல ஒரு குத்தமும் இல்ல. எங்க பட்டறை சொல்யூஷன்தான் காரணம். பதினாலு வருசமா ஜன்னல மூடி வெச்சு அதுக்குள்ள உக்கார வெச்சது நான்.”

போனில் கைக்குழந்தை சிணுங்குவது கேட்டது.

“அது கெடுதல்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?”

தெரியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. பென்சீன் என்ற பெயர் எனக்குத் தெரியாதுதான். ஆனால் நான் வாங்கிய ஒவ்வொரு டின்னிலும் ஒரு மண்டையோட்டுப் படம் இருந்தது. இருபத்தாறு வருடமாக அந்தப் படத்தின்மேலேதான் பிரஷ்ஷைத் துடைத்து வைப்பேன்.

“தெரிஞ்சிருக்கணும்மா” என்றேன். “பாத்தும் பாக்காம இருந்துட்டேன்.”

அவள் போனை வைத்துவிட்டாள். இசக்கி என் முகத்தைப் பார்க்காமல் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம்.